இரைச்சல் எங்கே போயிற்று?

ராணிப்பேட்டையில் தோல் பொருள்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். இந்த வேலை ஆளுக்கு ஒரு நோயைக் கொடுத்துவிடும். வங்கிக் கணக்குக்கும் நம் பேரேட்டுக்கும் பதினேழு ரூபாய் வித்தியாசம் வந்தால், சட்டைப் பையிலிருந்து பதினேழு ரூபாயை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. எந்தத் தேதியில், எந்தச் சீட்டில், யார் கையால் அது நழுவியது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாத வரை சோற்றில் உப்பு இருக்கிறதா என்றுகூட நாக்குக்குப் புரியாது. போன ஆண்டு ஏறக்குறைய நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அது ரூபாய்க் கணக்கு இல்லை. பாகாயத்தில் என் வீட்டு மாடியில் இருந்த ஒரு சின்னக் கணினி, காட்பாடியில் ஒரு பெரியவர் வீட்டில் இருந்த பழைய பெட்டியை ரேடியோ வழியாக அழைத்தது. அவர் திரை 'இணைந்தாயிற்று' என்றது. என் திரை, பத்து முறை முயன்றுவிட்டு, 'இணைய முடியவில்லை' என்றது.

ஒரே அழைப்பு. அவர் ஏட்டில் வரவு வைத்தாயிற்று. என் ஏட்டில் பதிவே இல்லை. நான் எப்படித் தூங்குவேன்?

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் தந்தி சேவையை அரசு நிறுத்தியபோது, தாம் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருந்தும், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாராம். அவர் மனைவி சொல்வார். எனக்கு அமெச்சூர் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் பைத்தியம், பிடித்ததற்கு அவர்தான் காரணம். தேர்வுக்குப் படிக்க வைத்தவரும் அவர்தான். வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் என் பெயர், தபாலில் வந்த அன்று, இனிப்பு வாங்கிக்கொண்டு முதலில் போனது அவர் வீட்டுக்கு. அவருடையது வி.யு.2, மோர்ஸ் தட்டிப் பெற்ற மேல்நிலை உரிமம். அந்த எண் வித்தியாசத்தை அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் நான் 'என் ஸ்டேஷன்' என்று சொல்லும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

காது இல்லாத கணக்கன்

பாக்கெட் ரேடியோவை நாங்கள் இருவரும் பொட்டலம் என்றே சொல்வோம். எழுதுவதைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெறுநர், அனுப்புநர் அழைப்புக்குறிகளை எழுதி, கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்றையும் வைத்து, ஒலியாக மாற்றி ரேடியோவில் அனுப்புவது. இரண்டே சுருதிகள்: 1200 ஹெர்ட்ஸ் ஒன்று, 2200 ஹெர்ட்ஸ் ஒன்று. விநாடிக்கு 1200 பிட், அதாவது ஏறத்தாழ 150 எழுத்து. இன்று கைபேசியில் ஒரு பூனைப் படம் வந்து சேரும் வேகத்தோடு ஒப்பிட்டால் கட்டை வண்டி. 1978-ல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து அமெச்சூர்கள் இதைத் தொடங்கிவைத்தார்கள். எண்பதுகளில் அமெரிக்காவின் டூசான் நகரத்தில் ஒரு குழு இதற்கான பெட்டியை வடிவமைத்து உலகம் முழுக்கப் பரப்பியது. 'டெர்மினல் நோட் கன்ட்ரோலர்' என்பது அந்தப் பெட்டியின் முழுப்பெயர், டி.என்.சி. என்றால் எல்லோருக்கும் புரியும். பெரியவரிடம் இருப்பது அந்த வடிவமைப்பைப் பார்த்துத் தொண்ணூறுகளில் அவரே பற்றவைத்த பெட்டி. உள்ளே இசட்80 சில்லு. முன்பக்கம் சிவப்பு விளக்குகள். அதோடு இணைந்த பழைய கணினியில் கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

என்னிடம் பெட்டி இல்லை. ராஸ்பெரி பை 3 என்ற சின்னக் கணினி இருந்தது. அதில் ஒலி வெளியே போக வழி உண்டு, உள்ளே வர வழி கிடையாது. எனவே சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கினேன். ரேடியோ, கையடக்கமான மலிவு வகை. மற்ற வேலையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். டயர் வுல்ஃப் என்று பெயர். அமெரிக்க அமெச்சூர் ஜான் லாங்னர் எழுதி இலவசமாகக் கொடுத்திருப்பது. ஒலியைக் கேட்டுப் பிட்டுகளாகப் பிரிப்பது, பிட்டுகளை ஒலியாக்குவது, மறுமுனையோடு பொட்டலங்களை எண்ணிக் கணக்கு வைப்பது என ஒரு முழு டி.என்.சி. செய்ததையெல்லாம் அது தனியாகச் செய்கிறது. ஒருநாள் பெரியவரிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி முடித்தேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மென்பொருளுக்குக் காது கிடையாது தம்பி. அது கணக்குத்தான் போடும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் இப்படியா சொல்வது? பஸ்சில் திரும்பி வரும்போது பதில் மேல் பதிலாகத் தோன்றியது. அவர் பெட்டியில் ஒலியைப் பிரிக்க ஒரே ஒரு சுற்றுதான் இருக்கிறது. டயர் வுல்ஃப் ஒரே ஒலியைப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் பிரித்துப் பார்க்கும். ஒரு ரேடியோ மேல் சுருதியை அமுக்கிவிடும், இன்னொன்று தூக்கிவிடும்; எப்படி வந்தாலும் ஏதோ ஒரு பிரிப்பானுக்குப் பிடிபடும். பழைய பெட்டிகள் தவறவிடும் பொட்டலங்களைக்கூட இது எடுத்துவிடும் என்பது சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். "சரி, சரி" என்றார். அந்தச் 'சரி, சரி'தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு பக்கம் மட்டும் வரவு

தொடக்கத்தில் எனக்கு வெற்றிதான். வேலூரைப் பற்றி ஊரில் சொல்வார்களே, நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று. மரமில்லாத மலையும் பாறைதான், ரேடியோ அலைக்கு அது வழிவிடாது. கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் குன்றுகள் என் மாடிக்கு ஒரு திசையைச் சுத்தமாக அடைத்துவிட்டன. ஆனால் தலைக்கு மேலே யார் அடைப்பது? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு பொட்டல ரேடியோ இருக்கிறது. 145.825 மெகாஹெர்ட்சில் நாம் அனுப்பும் பொட்டலத்தைக் கேட்டால், அப்படியே திருப்பிச் சொல்லும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நம் வானத்தில் ஒரு முறைக்குப் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். இரும்பு அளவுநாடாவை வெட்டி, பி.வி.சி. குழாயில் கட்டி ஆன்டெனா செய்தேன். ஒரு மாலை, பாலமதி மலைப் பக்கம் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில், அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியில் சுற்றினேன். எதிர்வீட்டு அம்மா துணி எடுக்க வந்தவர், "கேபிள் சரியாகத் தெரியவில்லையா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று இரவு இணையத்தில் பார்த்தபோது என் அழைப்புக்குறி இருந்தது. விண்வெளி நிலையம் திருப்பிச் சொன்னதை எங்கேயோ ஒரு தரை நிலையம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. மகனை எழுப்பிக் காட்டினேன். அவன் பாதித் தூக்கத்தில் ஒரு கேள்வி கேட்டான்: "அது திருப்பிச் சொன்னது நம் ரேடியோவிலேயே கேட்டிருக்க வேண்டும் இல்லையா அப்பா?" கேட்டிருக்க வேண்டும்தான். மற்றவர்களின் பொட்டலங்கள் அங்கிருந்து திரும்பி வந்ததையெல்லாம் என் திரை காட்டியது. என்னுடையதை மட்டும் காட்டவில்லை. ஏதோ தற்செயல் என்று விட்டுவிட்டேன். கணக்கில் 'இதர செலவு' என்று ஒரு தலைப்பு உண்டே, அதில் தள்ளுவதுபோல. இருபது ஆண்டு அனுபவம் இருந்தும் அதில் தள்ளினேன் என்பதுதான் இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு காட்பாடியை அழைக்கத் தொடங்கினேன். விண்வெளி நிலையத்துக்கு அனுப்பும் வகைப் பொட்டலத்துக்கு ரசீது கிடையாது. காற்றில் வீசுகிறோம், யாரோ பிடித்தால் பிடிக்கட்டும். இரண்டு பேர் இணைந்து பேசுவது வேறு. அதில் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. நான் 'இணையலாமா' என்று ஒரு பொட்டலம் அனுப்பினால், மறுமுனை 'சரி' என்று ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டும். அது வந்தால்தான் இணைப்பு. வராவிட்டால் மூன்று விநாடி பொறுத்து மறுபடி கேட்கும். பத்து முறை பார்த்துவிட்டுக் கைவிடும். இதைவிட ஒழுங்கான கணக்குமுறை எனக்குத் தெரியாது. ஏ.எக்ஸ்.25 என்று பெயர். 1984-ல் அச்சான விதிகள் இன்றும் செல்லும்.

அவர் பெட்டிக்கு என் 'இணையலாமா' போய்ச் சேர்ந்ததும், அது 'சரி' என்று அனுப்பிவிட்டு, தன் திரையில் இணைந்ததாக எழுதிவிடுகிறது. அந்தச் 'சரி' எனக்கு வரவில்லை. நான் மறுபடி கேட்கிறேன். அது மறுபடி 'சரி' என்கிறது. பத்து முறை. தொலைபேசியில் பெரியவர், "இணைந்துவிட்டதே தம்பி, எழுது" என்கிறார். "இல்லை சார், எனக்கு இணையவில்லை." "என் திரையில் உன் பெயர் இருக்கிறதே!" சீட்டு கிழித்துக் கொடுத்தாயிற்று என்கிறவருக்கும் சீட்டு கைக்கு வரவில்லை என்கிறவனுக்கும் நடக்கும் சண்டை அது. இருவரும் பொய் சொல்லவில்லை.

அவருடைய ரேடியோ வலுவில்லாமல் இருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் இல்லை. அவர் சும்மா ஏதாவது தட்டினால் என் திரையில் எழுத்துச் சுத்தமாக விழுகிறது. இன்னும் வேடிக்கை, அவர் என்னை அழைத்தால் உடனே இணைந்துவிடும். அவர் ஒரு வரி அனுப்புவார், எனக்கு வரும். நான் ஒரு வரி அனுப்புவேன், அவருக்கும் போகும். ஆனால் அது போய்ச் சேர்ந்ததற்கான ரசீது எனக்கு வராது. என் பக்கம் அதே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். அவர் அழைத்தால் இணைகிறது, நான் அழைத்தால் இல்லை. அவர் பேசினால் கேட்கிறது, பதில் சொன்னால் கேட்கவில்லை. மாமியார் மருமகள் கதைபோல இருந்தது.

நான்கு மாதத்தில் நான் மாற்றாதது இல்லை. ஆன்டெனாவை உயர்த்தினேன். ஒலி அளவைக் கூட்டினேன், குறைத்தேன். சவுண்ட் கார்டை மாற்றினேன். அமைப்புக் கோப்பில் ஒவ்வோர் எண்ணாக மாற்றி, எதை எப்போது மாற்றினேன் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அழகான கையெழுத்து, ஒரு பயனும் இல்லை. மே மாத வேலூர் வெயிலில், மாடியில் கைப்பிடிச் சுவரைத் தொட்டால் தோல் உரியும் நேரத்தில்கூட ஏறி இறங்கினேன். "2021-ல் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அதுபோல் இன்னொன்று வந்தால் இது உதவுமா?" என்று மைத்துனர் கேட்டார். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் இந்த இடத்தில் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பதில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். பதினேழு ரூபாய் எங்கே போயிற்று என்று தெரிந்தால் போதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காட்பாடி

கடைசியில் பெரியவர்தான், "நீ அங்கே இருந்து என்ன செய்யப் போகிறாய், இங்கே வா" என்றார். மகனை மாடியில் உட்கார வைத்து, நான் தொலைபேசியில் சொல்லும்போது அழைப்புக் கட்டளையைத் தட்டச் சொல்லிவிட்டு, பாகாயத்திலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்சில் ஏறினேன். மடியில் மடிக்கணினி. அதில் ஒலியை அலைவடிவமாகக் காட்டும் மென்பொருள், இன்னும் சில கருவிகள். இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற முடிவோடு போனேன்.

அவர் அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலத்துக்கு ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவைப்பார்கள். அதாவது யாரும் பேசாதபோது ரேடியோ வாயை மூடாது, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மழை இரைச்சல் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். யாராவது அனுப்பத் தொடங்கினால், அவருடைய அலை அந்த இரைச்சலை அமுக்கிவிடும். எஃப்.எம். ரேடியோவின் இயல்பு அது. என் வீட்டில் இந்த இரைச்சல் தாங்காது என்று ஒலிபெருக்கியை அணைத்தே வைத்திருந்தேன். நான் என் ஸ்டேஷனை என்றைக்குமே காதால் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரையில் எழுத்து வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகனுக்குச் சொன்னேன். இரைச்சல் நின்றது. 'ப்ர்ர்ர்ட்' என்று என் பொட்டலம். உடனே அவர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது, பதில் போய்விட்டது. திரையில் 'இணைந்தாயிற்று'. நான் மடிக்கணினியைத் திறந்து கம்பியைத் தேடினேன். பெரியவர் கையை நீட்டித் தடுத்தார்.

"இரைச்சல் எங்கே?" என்றார்.

"எந்த இரைச்சல் சார்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். மறுபடி அழைக்கச் சொல்."

மகன் மறுபடி அழைத்தான். பெரியவர் விரலால் மேசையில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தார். இரைச்சல் நின்றபோது விரல் கிளம்பியது. 'ப்ர்ர்ர்ட்' முடிந்தது. விரல் நிற்கவில்லை. அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. விரல் இன்னும் போய்க்கொண்டிருந்தது. மேசையின் விளிம்பு வந்துவிடும் போலிருந்தது. அப்புறம்தான் 'ஸ்ஸ்ஸ்' திரும்பி வந்தது. விரலை எடுத்தார். 'ப்ர்ர்ர்ட்'டுக்கு அவர் இழுத்தது ஒரு சாண்கூட இல்லை. அதற்குப் பிறகு வந்த ஊமைக்கோடு இரண்டு சாண்.

"உன் ரேடியோ பேசி முடித்த பிறகும் வாயை மூடவில்லை. நான் 'சரி' என்று சொல்லும்போது நீ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய். ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டிருக்கிறாய்."

தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதர். கட் கட் என்ற ஒலியில், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வாழ்நாளைக் கழித்தவர். நான் 'ப்ர்ர்ர்ட்'டைக் கேட்டேன். அவர் அதற்குப் பின்னால் இருந்ததைக் கேட்டார்.

விஷயம் இவ்வளவுதான். ரேடியோவை எப்போது அனுப்பவைப்பது, எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் தனியாகக் கம்பி போடவில்லை. வாக்ஸ் என்று ஒரு வசதி உண்டு. மைக்கில் சத்தம் வந்தால் ரேடியோ தானாக அனுப்பும், சத்தம் நின்றால் தானாக நிறுத்தும். பற்றவைக்கும் வேலை மிச்சம் என்று அதை நம்பினேன். ஆனால் அது மனிதக் குரலுக்காகச் செய்தது. மனிதன் பேச்சுக்கு நடுவில் மூச்சு விடுவான், யோசிப்பான். அந்த இடைவெளியில் ரேடியோ துண்டித்துவிடக் கூடாது என்று, சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அனுப்பும் நிலையிலேயே வைத்திருக்கும். பிறகு பதிவு செய்து அளந்தேன். என் ரேடியோவில் அது ஏறக்குறைய ஒன்றரை விநாடி. அவர் பெட்டியின் பதில் தொடங்கி முடிய அரை விநாடி ஆகாது. அதில் செய்திக்கு முன்னால் வரும் வெறும் தலைப்பகுதி போக, உண்மையான 'சரி' விநாடியில் எட்டில் ஒரு பங்கு. என் ரேடியோ காது திறப்பதற்குள் அவர் சொல்லி முடித்து ஓய்ந்திருப்பார். அவர் தாமாக எதையாவது தட்டும்போது நான் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஆகவே கேட்டது. விண்வெளி நிலையத்தின் எதிரொலி எனக்கு மட்டும் வராததும் இதனால்தான். மகன் பாதித் தூக்கத்தில் கேட்ட கேள்வியில் விடை இருந்தது. டயர் வுல்ஃபின் கையேட்டிலேயே ரேடியோவின் வாக்ஸை நம்பாதே என்று எழுதியிருக்கிறது. படித்திருக்கிறேன். அது வேறு யாருக்கோ என்று நினைத்திருக்கிறேன்.

பஸ்சில் திரும்பும்போது பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்வரை எனக்குக் கோபம்தான். கண்டுபிடித்த மகிழ்ச்சியைவிட, 'மென்பொருளுக்குக் காது கிடையாது' என்ற வாக்கியம் ஜெயித்துவிட்டதே என்ற கோபம். யோசித்தால் அது ஜெயிக்கவும் இல்லை. டயர் வுல்ஃப் தன்னிடம் வந்த ஒலியையெல்லாம் சரியாகத்தான் கேட்டது. வராத ஒலியை அது எப்படிக் கேட்கும்? காது இல்லாமல் இருந்தது மென்பொருளுக்கு இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி 'சரி, சரி' என்பார்.

பழுது பார்த்தது ஒரு மாலை வேலை. இந்த வகைக் கையடக்க ரேடியோக்களில் இரண்டு ஜாக்குகள் இருக்கும், ஒன்று 3.5 மில்லிமீட்டர், இன்னொன்று 2.5. இரண்டின் அடிப்பாக உலோகத்தையும் தொடவைத்தால் ரேடியோ அனுப்பத் தொடங்கும். விலக்கினால் அந்த நொடியே நிற்கும். நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, மென்பொருள் சொன்னபடி மின்சாரத்தைத் திறந்து மூடும், ராஸ்பெரி பையின் ஒரு ஜி.பி.ஐ.ஓ. முள். அமைப்புக் கோப்பில் ஒரு வரி. முதலில் 4-ஆம் முள்ளில் போட்டேன். பைக்கு மின்சாரம் கொடுத்ததுமே ரேடியோ தானாக அனுப்பத் தொடங்கியது. 0 முதல் 8 வரையான முட்கள் தொடக்கத்தில் மேல்நோக்கி இழுத்துவைக்கப்பட்டிருக்கும், அதாவது மின்னழுத்தத்தோடு இருக்கும் என்பதும், 9-க்கு மேல் கீழ்நோக்கி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 25-க்கு மாற்றினேன். வாக்ஸை அணைத்தேன். அழைத்தேன். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

இரண்டு ஏடும் ஒத்துப்போயிற்று.

புள்ளிக்கு ஒரு வரி

இணைந்ததும் முதலில் 'வணக்கம்' என்று தமிழில் தட்டி அனுப்பினேன். ரசீது வந்தது, பொட்டலம் பழுதில்லாமல் சேர்ந்தது என்று அர்த்தம். ஒரு நிமிடம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"என்ன தம்பி அனுப்பினாய்? ஏதோ கோலப்புள்ளி மாதிரி வந்திருக்கிறது."

இந்த முறை தவறு என் பக்கம் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டேன். யூனிகோட் முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'வணக்கம்' என்பதில் ஏழு குறிகள், இருபத்தொரு பைட். பைட்டுக்கு எட்டு பிட். அவர் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே உள்ள கம்பியில் போவது ஏழு பிட்தான். ஆங்கில எழுத்துக்கு ஏழு போதும் என்று அந்தக் காலத்தில் வைத்த அமைப்பு. அவர் மாற்றியதே இல்லை. எட்டாவது பிட் உதிர்ந்தால் தமிழ் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 'வ' வந்து 5 என்ற எண்ணில் முடிகிறது. 'ண' வேலிக் குறியில் (#) முடிகிறது. இந்த எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சாய்ந்த கீற்று, ஒரு முற்றுப்புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிறோமே புள்ளி, அதற்கு மூன்று பைட். மூன்றாவதில் எட்டாவது பிட்டை எடுத்தால் மிஞ்சுவது அப்படியே, பிசகாமல், 'வரி முடிந்தது' என்ற கட்டளை. அதாவது அவர் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் வரி உடைகிறது.

வணக்/கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா பிரம்போடு நின்று அலகிடச் சொல்வாரே, நிரை நேர் புளிமா, அதே இடத்தில் உடைந்திருக்கிறது. எல்லாச் சொல்லிலும் இப்படிப் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். புள்ளியில்லாத இடத்திலும் அசை முடியும். ஆனாலும் அன்று இரவு நெடுநேரம் சொற்களை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி, "இணைந்துவிட்டது என்றுதானே சொன்னீர்கள், இன்னும் என்ன?" என்றாள்.

கம்பியை எட்டு பிட்டுக்கு மாற்றித் தருகிறேன், பழைய கணினிக்குப் பதில் தமிழ் எழுத்துள்ள ஒன்றை வைத்துத் தருகிறேன் என்று பெரியவரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அவருக்கு விருப்பமில்லை. ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்கிறார். அவர் ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார், தந்திக்குக் காசு கொடுப்பவர்போல நறுக்கி நறுக்கி. நான் தமிழிலேயே அனுப்புகிறேன். ஆரம்பத்தில் அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலும் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. இரண்டு வரி வந்து ஐந்தும் வேலியும் முதல் வரியில் இருந்தால் அது வணக்கம் என்று அவருக்குப் பழகிவிட்டது.

போன வாரம் மழை தூறிக்கொண்டிருந்தது. இரவு எட்டரை இருக்கும். 'சாப்பிட்டீர்களா' என்று அனுப்பினேன். ப், ட், ர், மூன்று புள்ளி. அவர் திரையில் நான்கு வரியாக விழுந்திருக்கும். இதற்கு முன் அந்தச் சொல்லை அனுப்பியதில்லை. ஒலிபெருக்கியை இப்போது நான் அணைப்பதில்லை. என் 'ப்ர்ர்ர்ட்' போனது, ரசீதின் சின்ன 'ப்ரட்' வந்தது, பிறகு மாடி முழுக்க இரைச்சலும் தூறலும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருக்கிறார் போலும். ஐந்தாறு நிமிடம் கழித்து இரைச்சல் நின்றது. திரையில் ஆங்கில எழுத்தில் இரண்டே சொற்கள்:

'தோசை. நீ?'